தண்ணீர் வராத குழிகளின் கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாசி பிறந்து கிணறுகளில் நீர்மட்டம் இறங்கத் தொடங்கியதும் நாளிதழ்களின் வரி விளம்பரங்களில் ஒரு கூட்டம் வந்து சேர்ந்துவிடுகிறது. ‘நூறு சதவீத உத்தரவாதத்துடன் நீரோட்டம் பார்க்கப்படும்’, ‘ஆயிரம் அடி வரை கம்ப்யூட்டர் ஸ்கேன்’, ‘தண்ணீர் வராவிட்டால் கட்டணம் வாபஸ்’. செய்திப் பக்கங்களும் சளைத்தவை அல்ல. உள்ளங்கையில் தேங்காயோடு நிற்பவரின் படத்துக்குக் கீழேயும் ‘நீரோட்ட நிபுணர்’. நிலவியல் படித்துவிட்டு, பூமியின் மின்தடையை அளக்கும் மீட்டரோடு வருபவரின் படத்துக்குக் கீழேயும் ‘நீரோட்ட நிபுணர்’. காசு கொடுக்கப்போகிற விவசாயி குழம்பாமல் என்ன செய்வார்?

படித்தவரை நம்புங்கள், படிக்காதவரை நம்பாதீர்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அது பாதிதான் சரி. மீட்டர் வைத்திருப்பவர்களிலும் புளுகர்கள் உண்டு. மருத்துவருக்கு மருத்துவ கவுன்சில் பதிவு எண் உண்டு, வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் உண்டு. போர் போட இடம் குறித்துக் கொடுப்பவருக்கு அப்படிக் கட்டாயப் பதிவு எதுவும் கிடையாது. விசிட்டிங் கார்டு அச்சடித்தவர் எல்லாம் நிபுணர்தான். எனவே சலித்தெடுக்கும் வேலை நிலத்துக்காரர் தலையில் விழுகிறது. அதைச் செய்ய நிலவியல் பட்டம் தேவையில்லை. சில கேள்விகளும், ஒரு டேப்பும், ஒரு பேரலும் போதும்.

முதலில் ஒரு விஷயம். தஞ்சை, நாகை போன்ற ஆற்று வண்டல் நிலத்தில் நீரோட்டம் பார்க்கத் தேவையே இல்லை. மணலும் களியும் அடுக்கடுக்காகப் படிந்த பூமி. எங்கே குத்தினாலும் ஏதோ ஓர் ஆழத்தில் நீர் இருக்கும். அங்கே கேள்வி உப்பா நல்லதண்ணீரா என்பதுதான். தேங்காய்க்காரர் அங்கே ஒருநாளும் தோற்க மாட்டார். ஆனால் தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறை. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஈரோடு, திருப்பூர், கோவை எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். இங்கே தண்ணீர் இரண்டே இடத்தில்தான் நிற்கிறது: மேலே சிதைந்து இளகிய சுக்கான் பாறையில், அதற்குக் கீழே, பாறையில் ஓடும் வெடிப்புகளில். வெடிப்பைத் தவறவிட்டால் பத்தடி தள்ளிப் போட்ட போரில்கூட வெறும் புகைதான், அதாவது ஈரமில்லாத பாறைத் தூள்தான் வரும். நிபுணர் தேவைப்படுவது இந்த மண்ணில்தான்.

யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு நாள் செலவழித்து உங்கள் நிலத்தைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் இருக்கும் போர்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விவரம்: போட்ட ஆண்டு, மொத்த ஆழம், கேசிங் (மேல்மண் சரியாமல் தடுக்கும் குழாய்) இறக்கிய ஆழம், தண்ணீர் தட்டிய ஆழம், இப்போது ஓடுகிறதா இல்லையா. காய்ந்து மூடியவற்றை விடாமல் எழுதுங்கள், முக்கியமானவையே அவைதான். இருபது போரில் பதிமூன்றில் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லை வீசி, அது விழுந்த இடத்தில் போர் போட்டாலும் நூற்றுக்கு அறுபத்தைந்து வாய்ப்பு உங்களுக்கு உண்டு. வருகிறவர் ‘பத்தில் ஏழு எனக்குப் பலிக்கும்’ என்றால், அவர் அந்தக் கல்லைவிடப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. இந்த அடிப்படை எண் கையில் இல்லாமல் யாருடைய வெற்றிக் கணக்கைக் கேட்டாலும் அர்த்தமில்லை.

‘பணம் வாபஸ்’ விளம்பரத்தின் சூட்சுமமும் இங்கேதான் இருக்கிறது. பத்துப் பேரிடம் தலா மூவாயிரம் வாங்குகிறார். பூமியின் புண்ணியத்தில் ஆறு ஏழு பேருக்குத் தண்ணீர் வந்துவிடும். மீதிப் பேருக்குத் திருப்பிக் கொடுத்தாலும் பதினெட்டாயிரம் மிச்சம். நாணயமானவர் என்ற பெயரும் கிடைக்கும். புகை வந்தவர் ரிக் வண்டிக்கு (போர் போடும் வண்டிக்கு) கொடுத்த லட்சங்களை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. திருப்பிக் கிடைப்பது மூவாயிரம். இது உத்தரவாதம் அல்ல, வியாபார உத்தி.

சரி, நிபுணத்துவம் என்பது எங்கிருந்து வருகிறது? முப்பது வருட அனுபவம் என்கிறார்கள். அனுபவம் மட்டும் போதாது என்பதை உளவியல் அறிஞர்களான டேனியல் கானமனும் கேரி க்ளைனும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரை தெளிவாகச் சொல்கிறது. உள்ளுணர்வை எவ்வளவு நம்பலாம் என்பதில் இருவரும் எதிரெதிர் முகாம்களில் இருந்தவர்கள் என்பது இதில் சுவையான சங்கதி. அவர்கள் ஒத்துப்போன இடம் இதுதான்: ஒருவரின் அனுபவக் கணிப்பு நம்பத்தக்கதாக வேண்டுமானால், முதலாவது, அந்தத் துறையில் பிடித்துக்கொள்ளக்கூடிய ஒழுங்கு ஏதாவது இருக்க வேண்டும். இரண்டாவது, தன் கணிப்பு சரியா தப்பா என்று அவருக்குத் திரும்பத் திரும்பத் தெரியவர வேண்டும்.

இதை நம் ஊர் ஆட்களுக்குப் பொருத்திப் பாருங்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டி டிரில்லர் பள்ளிப்படிப்பை முடிக்காதவராக இருக்கலாம். ஆனால் சுத்தியல் இறங்கும் சத்தம் மாறினால், வெளியே வரும் தூளின் நிறம் மாறினால், அடுத்த ராடு (துளைக்கும் கம்பி) இறங்குவதற்குள் விடை அவர் கண்முன்னே வந்துவிடுகிறது. வெளிர் தூளில் செம்பழுப்புக் கறை தெரிந்தால் அங்கே வெடிப்பில் நீர் போய்வந்திருக்கிறது என்று அவர் சொல்வது பட்டம் வாங்கியவர் பேச்சுக்குச் சற்றும் குறைந்ததல்ல. துளைபோடும் விஷயத்தில் அவர் நிபுணர். எங்கே துளைபோடுவது என்பதில் அல்ல. அவருக்குக் காட்டிய இடத்தில்தான் அவர் போடுகிறார். நீரோட்டம் பார்ப்பவரோ தேங்காய் உடைத்து, தட்சிணை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார். தண்ணீர் வந்தால் போன் வரும், மாலை வரும். வராவிட்டால், திட்டிப் பயனில்லை என்று பெரும்பாலோர் பேசாமல் இருந்துவிடுவார்கள். ஆக அவர் காதுக்கு வருவது வெற்றிகள் மட்டும். முப்பது வருடம் இப்படி நடந்தால் நம்பிக்கைதான் வளரும், திறமை வளராது. அவர் ஏமாற்றுகிறார் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. மனதார நம்பிச் செய்பவர்களே அதிகம்.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘உங்கள் நோட்டைக் காட்டுங்கள்’ என்பது. தேதி, கிராமம், குறித்த புள்ளி, சொன்ன ஆழம், உண்மையில் தண்ணீர் தட்டிய ஆழம், ஆறு மாதம் கழித்து நிலை. தோற்ற போர்களும் அதில் இருக்க வேண்டும். தோல்வியே இல்லாத நோட்டு போலி நோட்டு. அதிலிருந்து அவர் தேர்ந்தெடுக்காத ஐந்து பெயரை நீங்களே பொறுக்கி விசாரியுங்கள். ‘ஒரு கோடை தாண்டியதா?’ என்று கேட்க மறக்காதீர்கள். கடினப் பாறையில் முதல் வாரம் பீய்ச்சியடித்துவிட்டு, வெடிப்பில் தேங்கியிருந்தது தீர்ந்ததும் பங்குனியில் படுத்துவிடும் போர்கள் ஏராளம்.

தேங்காய், வேப்பங்குச்சி, எல் வடிவக் கம்பி பற்றி இரண்டு வார்த்தை. கையில் சமநிலை தப்பும் தறுவாயில் பிடித்திருக்கும் எந்தப் பொருளும், பிடித்திருப்பவருக்கே தெரியாத நுண்ணிய தசை அசைவால் சட்டென்று திரும்பிவிடும். வில்லியம் கார்ப்பென்டர் என்ற மருத்துவர் இதற்கு 1852லேயே பெயர் வைத்துவிட்டார். ‘ஓ பாசிட்டிவ் ரத்தக்காரர் கையில்தான் தேங்காய் நிமிரும்’ என்பது பின்னால் ஒட்டிக்கொண்ட கதை. ஜெர்மனியில் மியூனிக் அருகே 1987-88இல் இப்படிக் குச்சி பிடித்து நீர் பார்ப்பதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். சுமார் ஐந்நூறு பேரிலிருந்து நன்றாகத் தேறிய 43 பேரை எடுத்து, ஒரு களஞ்சியத்தின் மேல்தளத்தில் நடக்கவிட்டு, கீழ்த்தளத்தில் தண்ணீர் ஓடும் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து 843 முறை குறிக்கச் சொன்னார்கள். நடத்தியவர்கள் சிலருக்குத் திறமை இருப்பதாக அறிவித்தார்கள். அமெரிக்க விஞ்ஞானி ஜிம் என்ரைட் அதே எண்களை 1999இல் மறுபடி அலசியபோது, ஒரு சுற்றில் அசத்தியவர் அடுத்த சுற்றில் சோபிக்கவில்லை என்பது வெளிப்பட்டது. குருட்டு யோகம் அப்படித்தான் இருக்கும்.

இதை உங்கள் தோட்டத்திலேயே சோதிக்கலாம். நீரோட்டம் பார்ப்பவர் குறித்த இடத்தில் ஒரு முளை அடித்து மண்ணைத் தள்ளி மறைத்துவிடுங்கள். அரை மணி கழித்துக் கண்ணைக் கட்டி, வேறு மூலையிலிருந்து நடக்கவிடுங்கள். அதே இடத்தில் நிற்கிறாரா? அல்லது இரண்டு பேரை வெவ்வேறு நாளில், ஒருவருக்கொருவர் தெரியாமல் வரவழைத்து, இருவர் முளைகளையும் பிறகு ஒப்பிடுங்கள். இருவர் காலடியிலும் இருப்பது ஒரே பூமிதானே.

ஆனாலும் பழைய ஆட்களில் சிலருக்கு உண்மையிலேயே அறிவு உண்டு. அது தேங்காயில் இல்லை, கண்ணில் இருக்கிறது. சரிவு எங்கே குவிகிறது, மருத மரமும் நாவலும் அத்தியும் எங்கே வரிசை கட்டுகின்றன, எந்த ஓடைக்கரையில் கோடையிலும் கோரை பச்சையாக நிற்கிறது என்று அவர்கள் பார்த்துக்கொண்டேதான் நடப்பார்கள். புற்றையும் மரங்களையும் வைத்து நீர்க்குறி சொல்லும் வழக்கத்தை வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். அந்த அறிவுக்கும் எல்லை உண்டு. மர வேர் எட்டும் ஆழத்துத் தண்ணீரைத்தான் மரம் காட்டும். திறந்த கிணறு நாற்பதடியில் ஊறிய காலத்துக்கு அது சரி. அறுநூறு அடியில் இருக்கும் வெடிப்பைப் பற்றி நாவல் மரத்துக்கு ஒன்றும் தெரியாது.

இனி மீட்டர்காரர். இவரிடம்தான் விவரமாகப் பார்க்க வேண்டும். ரெசிஸ்டிவிட்டி (மின்தடை) முறை என்பது மந்திரமில்லை. தரையில் நேர்கோட்டில் நான்கு இரும்பு முளை. வெளி முளைகள் இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, உள் முளைகள் இரண்டுக்கும் இடையே எழும் மின்னழுத்தத்தை அளப்பார்கள். வெளி முளைகளை நடுப்புள்ளியிலிருந்து விலக்க விலக்க மின்சாரம் ஆழமாக இறங்கும். ஒவ்வோர் இடைவெளிக்கும் மின்தடை எண்ணைக் கணக்கிட்டு வரைபடமாக்கி, எந்த ஆழம் வரை மண், எந்த ஆழம் வரை சிதைந்த பாறை, எங்கே இறுகிய பாறை என்று பிரிப்பார்கள்.

இதில் நீங்கள் பிடிக்க வேண்டிய முதல் பிடி, ஒயரின் நீளம். தோராயமாகச் சொன்னால், ஒரு வெளி முளைக்கும் இன்னொரு வெளி முளைக்கும் உள்ள தூரத்தில் கால் பங்கு ஆழம்தான் தெரியும்; பல இடங்களில் அதுவும் தெரியாது. முந்நூறு அடி பார்க்க வேண்டுமானால் மொத்தம் 1,200 அடி, அதாவது பக்கத்துக்கு 600 அடி ஒயர் ஓட வேண்டும். ஆயிரம் அடி பார்க்க 4,000 அடி வேண்டும்; நான்கு ஏக்கர் தோட்டத்துக்காரர் அண்டை அயலார் காட்டையெல்லாம் தாண்டிப் போக வேண்டியிருக்கும். பக்கத்துக்கு நூறடி ஒயரை விரித்துவிட்டு, ‘எண்ணூற்று இருபது அடியில் மூன்றாவது ஊற்று இருக்கிறது’ என்று சொல்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. நடந்து அளந்தாலே போதும்.

அடுத்தது தாள். ஒவ்வோர் இடைவெளிக்கும் அளவுகள் எழுதிய தாளின் நகலைக் கேளுங்கள். பதினைந்து இருபது வரிகளாவது இருக்கும். கணக்கும் எட்டாம் வகுப்புக் கணக்குதான். வெளி முளை நடுவிலிருந்து 50 மீட்டர், உள் முளை 5 மீட்டர் என்றால், 50இன் வர்க்கம் 2,500. அதில் 5இன் வர்க்கம் 25ஐக் கழித்தால் 2,475. அதை 3.14ஆல் பெருக்கி, உள் முளைகளுக்கு இடையே உள்ள 10 மீட்டரால் வகுத்தால் 777. மீட்டர் 0.2 ஓம் காட்டினால் மின்தடை எண் 777ஐ 0.2ஆல் பெருக்க வரும் 155 ஓம்-மீட்டர். ஏதாவது ஒரு வரியை எடுத்து அவர் எதிரிலேயே போட்டுப் பாருங்கள். ஒழுங்காக வேலை செய்பவர் சந்தோஷப்படுவார், மற்றவர் எரிச்சலடைவார்.

எண்களைப் படிக்கத் தோராயமான ஓர் அளவுகோல்: களிமண் 20க்குக் கீழே. நீர் நிறைந்த சிதைந்த பாறை 20 முதல் 100 வரை. வெடிப்புள்ள பாறை நூறு முதல் சில நூறுகள். ஈரமில்லாத இறுகிய கருங்கல் ஆயிரத்தைத் தாண்டும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், ‘எண் குறைந்தால் தண்ணீர்’ என்று எடுத்துக்கொள்வதில். களிமண்ணும் எண்ணைக் குறைக்கும், உப்புநீரும் குறைக்கும். பத்துக்குக் கீழே காட்டியதைப் பார்த்துக் குதித்தவர்கள் களியையோ உவர்நீரையோ கண்டதுண்டு. அதனால்தான் நல்ல ஆய்வாளர் முளை அடிக்கும் முன் பக்கத்துப் போர்களின் விவரம் கேட்பார். முடிந்தால் ஆழமும் மண்ணும் தெரிந்த ஒரு கிணற்றருகே முதலில் ஒரு அளவு எடுத்துப் பார்த்துக்கொள்வார். நீங்கள் எண்ணி வைத்த இருபது போர் பட்டியலை நீட்டும்போது அவர் அதைக் கவனமாகப் படிக்கிறாரா, ‘அதெல்லாம் தேவையில்லை, மிஷின் சொல்லிவிடும்’ என்கிறாரா என்று பாருங்கள். பாதி முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

களத்தில் கெட்டுப்போகும் இடங்கள் இன்னும் சில. காய்ந்த மண்ணில் முளை சரியாகத் தொடாது. உப்புத் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும். கம்பி வேலி, புதைத்த இரும்புக் குழாய், பக்கத்துப் போரின் இரும்பு கேசிங், மேலே செல்லும் உயரழுத்த மின்கம்பி எல்லாம் அளவைத் திருகிவிடும். முளை வரிசையை அவற்றிலிருந்து விலக்கி, அவற்றுக்கு இணையாகப் போகாமல் அமைக்க வேண்டும். மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும் வரிசையும் ஆகாது. சந்தேகமான அளவை இரண்டாம் முறை எடுக்க வேண்டும். ஒரே புள்ளியில் ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு ‘இதுதான் இடம்’ என்பது சரியல்ல. குறைந்தது மூன்று நான்கு இடங்களில் பார்த்து, அவற்றில் சிறந்ததைச் சொல்வதுதான் ஆய்வு. சில சமயம் ‘இந்த நிலத்தில் வேண்டாம்’ என்பதே ஆய்வின் முடிவாக இருக்கும். அப்படிச் சொல்லிவிட்டுக் கட்டணம் வாங்குபவருக்குத் தயங்காமல் கொடுங்கள். அவர் மிச்சப்படுத்திக் கொடுத்த தொகை பெரிது.

இந்த முறைக்கே உள்ள எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நானூறு அடிக்குக் கீழே விரற்கடை அகலத்தில் ஓடும் வெடிப்பு தரைமேல் இருந்து இந்த மீட்டருக்குத் தெரியாது. சிதைந்த பாறையின் கனம், அதன் அடியில் உள்ள வெடிப்பு மண்டலம், இவ்வளவுதான் ஓரளவு உறுதியாகத் தெரியும். செயற்கைக்கோள் படத்தில் நேர்கோடாகத் தெரியும் பிளவுகள், பாறையைக் குறுக்கே வெட்டிச் சுவர்போல் நிற்கும் கருங்கல் டைக்குகள் இவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கணிப்பு கூர்மையாகும். டைக்கின் மேட்டுப் பக்கம் தண்ணீர் தேங்கி, பள்ளப் பக்கம் காய்ந்து கிடப்பது கொங்குப் பகுதியில் சாதாரணம். இவ்வளவும் செய்த பிறகும் நேர்மையான ஆய்வாளர் ‘இந்தப் புள்ளியில் வாய்ப்பு அதிகம், முந்நூறு அடிக்குக் கீழே நான் சொல்ல முடியாது’ என்றுதான் பேசுவார். ‘கண்டிப்பாக நாலு இன்ச் வரும்’ என்று சத்தியம் செய்பவரைவிட அவர் பேச்சு உப்புச்சப்பில்லாமல்தான் இருக்கும்.

சத்தியம் செய்யும் இயந்திரங்களும் சந்தைக்கு வந்திருக்கின்றன. கைத்துப்பாக்கி போன்ற பிடி, முன்னால் தானாகத் திரும்பும் ஆன்டெனா, பக்கத்தில் ஒரு திரை. தரையில் முளையும் இல்லை, ஒயரும் இல்லை. இது கோட்டு சூட்டுப் போட்ட எல் கம்பிதான். இதே வடிவில் ‘வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி’ என்று ஏடிஇ 651 என்ற ஒன்றை இராக் அரசுக்கே பெரும் விலைக்கு விற்றார்கள். உள்ளே வேலை செய்யும் மின்னணுச் சுற்று எதுவுமே இல்லை. சோதனைச் சாவடிகளில் அதை நம்பி நின்றவர்கள் உயிரிழந்தார்கள். விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013இல் பிரிட்டன் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது. ஓர் அரசாங்கத்தையே ஏமாற்ற முடிந்த பொருள் நம்மை ஏமாற்றாதா? கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது எதை அளக்கிறது, எந்த அலகில்? ‘தண்ணீரின் அதிர்வை’ என்று பதில் வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

யார் காசு யாருக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இடம் பார்ப்பவர், ரிக் புரோக்கர், மோட்டார் கடைக்காரர் மூவரும் ஒரே கூட்டணியாக வந்தால், அடிக்கு இவ்வளவு என்று கமிஷன் பேசியிருக்க வாய்ப்புண்டு. ரிக் கட்டணம் குறிப்பிட்ட ஆழத்துக்குப் பிறகு நூறடிக்கு நூறடி ஏறும். ஆழம் கூடினால் லாபம் கூடும் ஒருவரிடம் ‘நிறுத்தலாமா?’ என்று கேட்டால், ‘இன்னும் ஐம்பதடி பார்த்துவிடலாம்’ என்பதைத் தவிர வேறென்ன சொல்வார்? பொதுவாகப் பாறைக்குள் ஆழம் போகப் போக வெடிப்புகள் குறைந்து இறுகிப்போகும். எனவே எத்தனை அடியில் நிறுத்துவது என்பதை வண்டி வருவதற்கு முந்தின நாளே, ரிக்கோடு சம்பந்தமில்லாத ஆய்வாளரோடு பேசி, தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நள்ளிரவில், புழுதிக்கு நடுவில், வீட்டார் எல்லாம் சுற்றி நிற்கும்போது எடுக்கும் முடிவு நிதானமாக இருக்காது.

வண்டி வந்ததும் ஒரு ராடின் நீளத்தை டேப் வைத்து அளந்து, இறங்குகிற ராடுகளைக் கோடு போட்டு எண்ணுங்கள். பத்தடிக்கு ஒரு கைப்பிடி தூளை எடுத்து, அடி எழுதிய கவரில் போட்டு வையுங்கள். போர் தோற்றாலும் அடுத்த ஆய்வுக்கு அந்தக் கவர்கள் பெரிய ஆவணம். கேசிங் குழாய் சுக்கான் பாறையைத் தாண்டி இறுகிய பாறையில் ஊன்றி நிற்க வேண்டும். காசு மிச்சம் பிடிக்க அரைகுறையாக நிறுத்தினால் இரண்டு மழையில் மண் சரிந்து மோட்டார் சிக்கும்.

வந்த தண்ணீரை ‘இன்ச்’ கணக்கில் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்த இன்ச் என்று கேளுங்கள். தகட்டில் வெட்டிய 90 பாகை முக்கோண வாயில் வழியும் உயரம் என்றால், 1 இன்ச் நிமிடத்துக்குச் சுமார் எட்டரை லிட்டர். 2 இன்ச் சுமார் 48 லிட்டர். இரட்டிப்பு அல்ல, ஐந்தரை மடங்குக்கும் மேல். குழாய் விட்டத்தைச் சொன்னால் கணக்கே வேறு. இந்தக் குழப்பத்தில்தான் ‘ஒன்றரை இன்ச்’ இரண்டாகிறது. 200 லிட்டர் பேரல் ஒன்றும் கடிகாரமும் எடுங்கள். நான்கு நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு 50 லிட்டர். எட்டு மணி நேரம் ஓட்டினால் 24,000 லிட்டர். ஒரு ஏக்கரில் சுமார் 6 மில்லிமீட்டர் மழை பெய்தது போல. சொட்டுநீருக்கு உதவும், பாத்திகட்டிப் பாய்ச்ச உதவாது. கம்ப்ரஸர் காற்றில் பீய்ச்சும்போது அளப்பதைவிட, மோட்டார் இறக்கிச் சில மணி நேரம் தொடர்ந்து ஓட்டி, நீர்மட்டம் எங்கே இறங்கி நிற்கிறது, நிறுத்திய பிறகு எவ்வளவு நேரத்தில் மேலேறுகிறது என்று பார்ப்பதே நம்பகம். ஆய்வாளர் சொன்னது பலித்ததா என்பதற்கான தீர்ப்பும் அந்த எண்தான். அதை அவருக்குத் தெரிவியுங்கள். தோற்றாலும் தெரிவியுங்கள், தோற்றால் கட்டாயம் தெரிவியுங்கள். அடுத்தவருக்கு அவர் சொல்லும் கணிப்பு அதனால்தான் தேறும்.

ஆட்களை எங்கே தேடுவது? வேளாண்மைப் பொறியியல் துறையின் உட்கோட்ட அலுவலகத்தில் விவசாயிகளுக்குக் கட்டணத்துக்கு நிலத்தடி நீர் ஆய்வு செய்து தருகிறார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆகவே வைகாசியில் அலறாமல் ஐப்பசியிலேயே விண்ணப்பிப்பது நல்லது. குடிநீர் வடிகால் வாரியத்தில் நிலநீர் வல்லுநர்கள் இருக்கிறார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னை மாநிலக் கல்லூரி ஆகியவற்றில் நிலவியல் துறைகள் உண்டு. அங்கே படித்து வெளியே தொழில் செய்பவர்களைப் பற்றிப் பேராசிரியர்களிடம் விசாரிக்கலாம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் மாவட்டவாரியாக அறிக்கைகள் வெளியிட்டிருக்கிறது. உங்கள் குறுவட்டம் அதிகமாக உறிஞ்சப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே எந்த நிபுணரும் பழைய தண்ணீரைக் கொண்டுவர முடியாது; அந்தப் பணத்தில் பண்ணைக்குட்டை வெட்டலாம்.

உங்கள் நாளிதழிடம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. நீரோட்ட விளம்பரம் கொடுப்பவரிடம் படிப்பு, பயன்படுத்தும் முறை, கடந்த ஆண்டு குறித்த புள்ளிகள் எத்தனை, அவற்றில் தோற்றவை எத்தனை என்ற நான்கு விவரத்தையும் விளம்பரத்திலேயே அச்சிடக் கேளுங்கள். உங்கள் நிருபர்கள் ஒருவரை ‘நிபுணர்’ என்று எழுதும் முன் அந்த நான்காவது எண்ணைக் கேட்டு வாங்கட்டும்.

கடைசியாக, தோற்ற குழியைப் பற்றி. உச்ச நீதிமன்றம் 2010இல் வகுத்த நெறிமுறைப்படி, போர் போடுவதற்கு 15 நாள் முன்னதாக உள்ளாட்சி அமைப்புக்கோ மாவட்ட நிர்வாகத்துக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ரிக் நிறுவனம் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். கேசிங்கைச் சுற்றி அரை மீட்டர் நீள அகலத்தில், தரைக்கு மேல் 30 சென்டிமீட்டரும் கீழே 30 சென்டிமீட்டருமாக சிமென்ட் மேடை கட்ட வேண்டும். கைவிட்ட குழியை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், மணல், கல் கொண்டு நிரப்ப வேண்டும். மேலே சாக்கைக் கட்டிக் கல்லை வைப்பது மூடியதாகாது. ரிக் வண்டி தோட்டத்தை விட்டுக் கிளம்பும் முன் இதை முடித்துக்கொள்ளுங்கள். கூலியில் கடைசித் தவணையை அதுவரை கையில் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
நிலத்தடி நீர் ஆய்வுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற வாசகர்,
நாமக்கல் மாவட்டம்.